குவார்ட்டர் பாட்டிலில் கிடந்த ஒருநாள் பூச்சி

இந்த அவைக்கு இன்று மாலை முதலும், என் இல்லத்துக்குத் திருமணமான நாள் முதலும் தலைமை தாங்கிவரும் விலங்கியல் பேராசிரியர் முனைவர் சூர்யகலா அவர்களே, மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வலையை உலர்த்திவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, வேன் பிடித்து இந்தத் திண்டிவனத்துத் திருமண மண்டபம் வரை வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே "இவரு எப்ப முடிப்பாரு" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்கும் தாய்மார்களே, கேட்டது அம்மா, இந்த மைக் கரகரத்தாலும் என் காது கரகரக்கவில்லை. மகளுக்குப் போட வேண்டிய மாலையை மடியில் வைத்துக்கொண்டு, அதை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று இரண்டு கையாலும் பிடித்திருக்கும் காசியம்மாள் அவர்களே, சீருடை இல்லாமல் வந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் விறைப்பிலேயே உத்தியோகம் இன்னதென்று ஊருக்குத் தெரிந்துவிடுகிற தலைமைக் காவலர் சகாயராஜ் அவர்களே, இந்த விழாவின் நாயகி, நேற்று வரை வேணி, இன்று முதல் முனைவர் வேணி அவர்களே, உங்கள் அனைவருக்கும் தமிழ்ப் பேராசிரியர் தாண்டவராயனின் தலைதாழ்ந்த வணக்கம்.

பூச்சி ஆராய்ச்சிக்குப் பாராட்டு விழா. இதில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன். பேராசிரியர் சூர்யகலாவின் கணவன் என்பதாலா? அந்தப் பதவிக்கு மேடையில் இடம் கிடையாது, வாகனத்தில் ஓட்டுநர் இடம்தான் உண்டு. பேச்சாளன் என்பதாலா? பேச்சாளர்கள் இந்த மாவட்டத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை அளவுக்குக் குவிந்து கிடக்கிறார்கள். பின்னே எதற்கு? வேணியின் ஆராய்ச்சிக்காகச் சாராயம் கடத்தியதாகப் பிடிபட்ட மூவரில் நானும் ஒருவன் என்பதால்.

சிரியுங்கள். தாராளமாகச் சிரியுங்கள். மதுவின் தீமை பற்றி இந்த மாவட்டத்தில் நான் பேசாத மேடையில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்தி, ஊதச் சொன்னார்கள். ஊதச் சொன்னவர் இதோ, முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். அவரும் சிரிக்கிறார். சிரியுங்கள் சகாயராஜ், இன்று உங்கள் நாள்.

கதைக்கு வருகிறேன். கதைக்கு முன் பூச்சிக்கு வருகிறேன்.

நம் தென்பெண்ணை ஆறு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் வரும்போது, தடுப்பணையின் கல்லைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒரு சின்னஞ்சிறு உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளுத்த உடம்பு, தட்டையான தலை, விலாவின் இருபுறமும் இறகு இறகாய்ச் செவுள். சிறகில்லை. தண்ணீரே அதற்கு வீடு. அதே ஆற்றங்கரையில் ஏதோ ஒரு மாலையில், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, கரும்பட்டை போட்ட கண்ணாடிச் சிறகோடு ஒரு கூட்டம் கிளம்பி விளக்குக் கம்பத்தைச் சூழும். ஆங்கிலத்தில் மேஃப்ளை என்பார்கள். நான் அதற்கு ஒருநாள் பூச்சி என்று பெயர் சொல்கிறேன், ஏனென்றால் சிறகு முளைத்த பிறகு அதன் வாழ்வு ஒரே நாள். பின்வரிசையில் யாரோ "ஈசலு" என்றீர்கள். ஈசல் அல்ல ஐயா. ஈசல் மண்ணில் பிறப்பது, வறுத்தால் மணப்பது. இது நீரில் பிறப்பது.

வேணி சொன்னது ஒன்றே ஒன்றுதான். கல்லுக்கடியில் இருக்கும் இந்த வெளுத்த பிள்ளையும், காற்றில் பறக்கும் அந்தக் கறுத்த கன்னியும் வேறு வேறு அல்ல. இது வளர்ந்தால் அது. அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கு வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்த தேர்வாளர் என்ன எழுதினார் தெரியுமா? இரண்டும் வெவ்வேறு இனம், ஆய்வாளர் இரண்டு பூச்சியை ஒட்டுப் போட்டு ஒரு பூச்சி ஆக்கியிருக்கிறார், நிரூபிக்க முடியாவிட்டால் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்று எழுதினார். பல்கலைக்கழகம் கடைசியாக ஒரே ஒரு கெடு கொடுத்தது. அதற்குள் சான்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பதிவு ரத்து. நான்கு ஆண்டு ஆற்றில் நின்ற கால், நான்கு ஆண்டு நுண்ணோக்கியில் குனிந்த முதுகு, குப்பத்திலிருந்து முதன்முதலாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போன ஒரு பெண்ணின் பெயர், எல்லாம் போய்விடும்.

வளர்த்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். வளர்த்தார். தொட்டியில் வளர்த்தார், தட்டில் வளர்த்தார், ஆற்று மணலைக் கொண்டுவந்து போட்டு வளர்த்தார். சிறகு முளைக்கும் முன்பே அத்தனையும் செத்தன. பிறகு என்ன வழி? ஒரே வழி. பூச்சியின் உடம்புக்குள் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியன் கர்வப்பட அனுமதி கொடுங்கள். நம் தாய்த்தமிழுக்கு எழுத்து எத்தனை? இருநூற்று நாற்பத்தேழு. இயற்கைத் தாய்க்கு எழுத்து எத்தனை? நான்கு. நான்கே நான்கு. அந்த நான்கை வைத்துக்கொண்டு ஆனையையும் எழுதுகிறாள், அயிரையையும் எழுதுகிறாள், அடியேனையும் எழுதுகிறாள், அடியேனைத் திருத்தும் அவைத் தலைவரையும் எழுதுகிறாள். அந்த நீண்ட எழுத்தில், ஏறக்குறைய அறுநூற்றைம்பது எழுத்துள்ள ஒரு துண்டு இருக்கிறது. இனத்துக்கு இனம் அது மாறும், ஓர் இனத்துக்குள் அநேகமாக மாறாது. கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் கோடு கோடாக இருக்கிறதே, கருவியைக் காட்டினால் 'பீக்' என்று கத்தி இன்ன பிஸ்கட் என்று சொல்லிவிடுகிறதே, அதுபோல் இந்தத் துண்டைப் படித்தால் இன்ன உயிர் என்று தெரிந்துவிடும். அதனால் இதற்கு டி.என்.ஏ. பார்கோடு என்று பெயர். முழுப் பூச்சிகூட வேண்டாம், முறிந்த கால் ஒன்று போதும். புழுவானால் என்ன, முட்டையானால் என்ன, முதுகிழமானால் என்ன? எழுத்து ஒன்றுதான்.

தாய்மார்களே, இன்னொன்றும் கேளுங்கள். அந்தத் துண்டு பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து வருவதில்லை. தாயிடமிருந்துதான் வருகிறது. ஆமாம், கைதட்டுங்கள். தகப்பன்மார்கள் ஏன் தட்டவில்லை? விஞ்ஞானத்தோடு விரோதம் வேண்டாம், தட்டிவிடுங்கள்.

இதில் ஒரு சங்கடம். நம் கல்லூரி விலங்கியல் கூடத்தில் பாம்பு முதல் பல்லி வரை எல்லாவற்றையும் ஃபார்மலினில் ஊறப்போடுவது வழக்கம். ஃபார்மலினில் உடம்பு கெடாது, ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து கெட்டுவிடும். எழுத்து கெடாமல் இருக்க வேண்டுமானால் தூய ஆல்கஹாலில்தான் போட வேண்டும். தூய ஆல்கஹால், ஐயா. நூற்றுக்கு நூறு. நம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையில். விபரீதம் எங்கே விளையும் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

தானே புயல் அடித்து ஓய்ந்ததற்கு அடுத்த ஆண்டு. பொழுது சாயும் நேரம், திருவெண்ணெய்நல்லூர் ஆற்றுப் பாலம். பேராசிரியர், வேணி, நான், மூவரும் நிற்கிறோம். திடீரென்று கிளம்பியது பாருங்கள் அந்தக் கூட்டம். விளக்கைச் சுற்றி விரிந்தது, விழுந்தது, எழுந்தது. அதே நேரத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. விழுந்ததெல்லாம் சக்கரத்தில் போயிற்று. பறந்ததெல்லாம் காற்றில் போயிற்று. வேணி வலையோடு அங்கும் இங்கும் ஓடுகிறார், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது ஒரே ஒரு பூச்சி, முழுச் சிறகோடு, முத்தாக ஒரு பூச்சி, எங்கே வந்து அமர்ந்தது தெரியுமா? என் வெண்சட்டையின் இடது தோளில். "சார், மூச்சு வுடாதீங்க" என்றார் வேணி. விடவில்லை. நான் வாழ்நாளில் அதிக நேரம் பேசாமல் நின்றது அன்றுதான் என்று தலைவர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பூச்சியை ஒரு குவார்ட்டர் அளவு கண்ணாடி பாட்டிலில், தளும்பத் தளும்ப ஆல்கஹால் ஊற்றிப் போட்டார் வேணி. மற்ற சின்னச் சின்னக் குப்பிகளில் கல்லுக்கடியில் பிடித்த இளம்பூச்சிகள். எல்லாவற்றையும் ஒரு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மறுநாள் என் மாருதி வண்டியில் புதுச்சேரிக்குப் போனோம். எழுத்தைப் படிக்கும் எந்திரம் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. போகும்போது எங்களை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. புதுச்சேரிக்குள் சாராயம் கொண்டுபோகிறவன் கடலுக்கு உப்புக் கொண்டுபோகிறவன் அல்லவா? போனோம், எந்திரம் பழுது என்றார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள், திரும்பினோம். வந்தது வளவனூருக்கு முன்னால் சோதனைச் சாவடி.

"வண்டிய ஓரங்கட்டுங்க சார். டிக்கியத் தொறங்க."

திறந்தேன். பெட்டியைத் திறந்தார் சகாயராஜ். ஒரு குப்பியை எடுத்தார், மூடியைத் திருகினார், மூக்கருகே கொண்டுபோனார். அவர் புருவம் தொப்பியைத் தொட்டது.

"ஐயா, இவை நீர்வாழ் பூச்சிகள், ஆராய்ச்சிக்கு உரியவை" என்றேன் நான் செந்தமிழில்.

"சார், நான் இந்த ரோட்ல பத்து வருசமா கீறேன். டியூப்புல ஊத்திக்கினு வந்தவனப் பாத்துக்கீறேன். எளநீர்ல ஊசி போட்டு ஏத்திக்கினு வந்தவனப் பாத்துக்கீறேன். ஊறல்ல பூச்சியப் போட்டு, பொட்டியில அடுக்கி, குடும்பத்தோட வந்தது நீங்கதான்."

வேணி குறுக்கே வந்தார். "சார், ஊறல் இல்ல சார் அது. ஸ்பிரிட்டு. பூச்சி கெட்டுப் போவாம இருக்கறதுக்கு."

"பாத்தீங்களா, ஸ்பிரிட்டுன்னு நீங்களே ஒத்துக்கினீங்க."

என் மனைவியார், மன்னிக்கவும், அவைத் தலைவர், வண்டியிலிருந்து இறங்கி, அந்தச் சாலையோரத்தில், மரபணு என்றால் என்ன என்பதில் தொடங்கி ஒரு வகுப்பே எடுத்தார். இரண்டு லாரி ஓட்டுநர்களும் நின்று கேட்டார்கள். சகாயராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க சொல்றது எல்லாம் கரெக்டாத்தான் இருக்கும். பர்மிட்டு எங்க?" என்றார். பர்மிட் இருந்தது ஐயா, சட்டப்படி வாங்கிய பர்மிட். கல்லூரி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி எங்கள் விழுப்புரம் வீட்டு ஆணியில் இருந்தது. பிறகுதான் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வெத்தல பாக்கு" என்று தம் மேலதிகாரிக்குத் தெரிவித்தார்.

"ஆளுங்கள வுட்டுர்றேன் சார். பொருள வுட முடியாது. எழுதியாச்சு" என்றார். அவர் கடமையைச் செய்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் வண்டியில் ஏறியபின் வேணி அழுத அழுகை இருக்கிறதே, விழுப்புரம் வரும் வரைக்கும் நான் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவில்லை. இளம்பூச்சியை மறுபடி பிடிக்கலாம், ஆறு வற்றாத வரை. சிறகு வைத்தது அந்த ஒன்றுதானே? அடுத்த கூட்டம் என்று கிளம்பும், யார் கண்டது? அந்த ஆண்டு மழை பொய்த்தது, கூட்டம் கிளம்பவே இல்லை.

மனுப் போட்டோம். பர்மிட்டைக் காட்டினோம். பிடித்த பொருளை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். அலைந்தோம். கெடு நெருங்கியது. ஒருநாள் காலை உத்தரவு கைக்கு வந்தது. வெற்றி, வெற்றி என்று காவல் நிலையத்துக்கு ஓடினால், பொருள் வைக்கும் அறை துடைத்து வைத்தாற்போல் காலியாக இருக்கிறது. அன்றைக்குத்தான், ஐயா, பிடிபட்ட சரக்கையெல்லாம் அழிக்கும் நாள்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு அந்தக் காட்சியைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். ஜே.சி.பி. தோண்டிய பெருங்குழி. எல்லையில் பிடிபட்ட பாட்டில்கள், கேன்கள், மூட்டைகள் எல்லாம் வந்து இறங்கியிருக்கும். அதிகாரிகள் முன்னிலையில் அத்தனையையும் உடைத்துக் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடுவார்கள். கயிற்றுக்கு அப்பால் குடிப்பிரியர்கள் கூடி, இழவு வீட்டில் நிற்பவர்களைப்போல் கைகட்டி நிற்பார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

நாங்கள் போனபோது பாதி முடிந்துவிட்டது. எங்கள் தெர்மாகோல் பெட்டி ஓரமாக உடைந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சின்னக் குப்பிகள் சில சக்கரத் தடத்தில் நசுங்கிக் கிடந்தன. வேணி உத்தரவை நீட்டினார். சகாயராஜ் படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஆர்டர் சரிதாம்மா. இந்தக் குவியல்ல எங்கன்னு தேடறது?"

அவரே போய் அதிகாரியிடம் பேசினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஜே.சி.பி. ஓட்டுநரைப் பார்த்தார். "அவரு டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் தேடிக்கோங்க. அப்புறம் என்னால நிறுத்த முடியாது" என்றார்.

தேநீர் ஒரு தம்ளர், ஐயா. ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுக்கு ஒரு தம்ளர் தேநீர் கெடு. வேணி குழியோரத்தில் மண்டியிட்டுத் தேடினார். பேராசிரியர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தேடினார். சகாயராஜ் தேடினார். நானும் தேடினேன், கண்ணாடிச் சில்லில் விரலைக் கிழித்துக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் குவார்ட்டர் பாட்டில். நூறா, ஆயிரமா? எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே நிறம். எதில் என் தாயே அந்தப் பூச்சி?

அப்போது கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார். பெயர் அப்பாதுரை. விழுப்புரத்தில் மூட்டை தூக்குகிறவர். காலையிலிருந்து கயிற்றோரம் நின்று துக்கம் அனுசரித்தவர்களில் அவரும் ஒருவர். "இன்னாம்மா தேடறே?" என்றார். "ஒரு பாட்டிலுண்ணா. உள்ளார பூச்சி இருக்கும்" என்றார் வேணி. அவரும் குனிந்தார். தடுக்கப் போன காவலரை, "இருக்கட்டும், நாலு பேருக்கு அஞ்சு பேரு" என்று சகாயராஜ் நிறுத்தினார்.

டீக்கடைப் பக்கமிருந்து ஓட்டுநர் வாயைத் துடைத்துக்கொண்டே நடந்து வருகிறார். எந்திரம் உறுமுகிறது. அந்த நேரத்தில் அப்பாதுரை குவியலுக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். முகர்ந்தார்.

அவையோரே, அது எப்பேர்ப்பட்ட நாற்றம் என்பதை அந்த மூக்கு அறியும். கலப்படமில்லாத, களங்கமில்லாத, நூற்றுக்கு நூறு. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்காத தொண்டை. கயிற்றுக்கு அப்பாலிருந்து கூட்டாளிகள், "அடிச்சுடு மச்சான், ஜல்தி அடிச்சுடு" என்று கூவுகிறார்கள். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்க்கிறோம். ஓடித் தடுக்கத் தூரம் அதிகம். குடித்தால் அவருக்கு ஆபத்து, கொட்டினால் வேணிக்கு ஆபத்து. இரண்டாவது முறையாக நான் பேசாமல் நின்றேன்.

அவர் பாட்டிலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். உள்ளே சிறகு விரித்துக் கிடந்தது நம் கறுத்த கன்னி. ஒரு கணம் அதைப் பார்த்தார், ஒரு கணம் வேணியைப் பார்த்தார். பிறகு மூடியை இறுகத் திருகினார்.

"இத்தத்தான் தேடிக்கினு கீறியாம்மா?"

இவ்வளவுதான் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார். வேணி அவர் காலில் விழப்போனார், அவர் பின்னால் நகர்ந்துவிட்டார். வீடு திரும்பும் முன் நான் அவரைத் தனியே அழைத்து, எப்படியப்பா மனம் வந்தது என்று கேட்டேன். "நமக்கு அது ரெண்டு மொடக்கு சார். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு அப்பிடி இல்லன்னு தெரிஞ்சுது" என்றார். பெரிய பெரிய தியாகங்களைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அன்று அந்தப் பொட்டலில் நான் கண்கலங்கினேன், அதை ஒளிக்கவில்லை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "முடியுங்கள்" என்று எழுதியிருக்கிறது. வீட்டில் இதே சொல்லைச் சீட்டில்லாமல் சொல்வார். இதோ முடிக்கிறேன், பூச்சிக்குக் கால் மிச்சம் இருக்கும் வரை எனக்கும் கதை மிச்சம் இருக்கிறது.

கால் என்றேன். பூச்சிக்கு ஆறு கால். ஒரு முறை படிக்க ஒரு கால். முதல் காலை நம் கல்லூரியிலேயே, புதிதாக வாங்கிய எந்திரத்தில் வைத்தார்கள். அந்த ஆண்டு மின்வெட்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எந்திரம் பாதிச் சுற்றில் இருக்கும்போது திண்டிவனமே இருண்டது. ஒரு கால் போயிற்று. இரண்டாவது காலைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். எந்திரம் படித்தது, அழகாகப் படித்தது, முத்து முத்தாக எழுத்தைக் கொடுத்தது. உலகத்து உயிர்களின் எழுத்தெல்லாம் சேர்த்து வைத்த களஞ்சியத்தில் அதைத் தேடினார் வேணி. விடை வந்தது. பெண்ணையாற்றுப் பாலத்தில், மின்விளக்கில், என் தோளில் வந்து அமர்ந்த அந்தச் சிறகுப் பூச்சி யார் என்று தெரிந்தது.

நெத்திலி.

ஆம் அவையோரே, நெத்திலி மீன். காரணம் இதோ, முதல் வரிசையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிக்கிறார். மகள் விடுதியில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டுமே என்று காசியம்மாள் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். கருவாடு தீர்ந்தது. டப்பாவைக் கழுவி, அதில் காலைப் போட வேண்டிய வெற்றுக் குழாய்களைப் பத்திரமாக வைத்திருந்தார் வேணி. கடற்கரைப் பெண்ணுக்குக் கருவாட்டு வாசம் வாசமாகத் தெரியுமா? நமக்குத் தெரியாதது எந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது. செய்தி கேட்டதும் காசியம்மாள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இத்தினி வருசம் படிச்சு நெத்திலியத்தான் கண்டுபுடிச்சியா? எங்கிட்டக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே."

அன்று நாங்கள் சிரித்தோம், சிரித்து முடித்ததும் பயந்தோம். இரண்டு கால் போயிற்று, கெடுவுக்கு இருந்தது ஒரு வாரம். மூன்றாவது கால். புதிய குழாய், புதிய கையுறை, டப்பா இருந்த அறைப் பக்கமே போகவில்லை. காத்திருந்தோம். வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடிவந்தார் வேணி. கையில் இரண்டு வரி எழுத்து. மேல் வரி, மறுபடி ஆற்றில் இறங்கிப் பிடித்துவந்த, கல்லுக்கடியில் இருந்த பிள்ளை. கீழ் வரி காற்றில் பறந்த கன்னி. எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தோம். அறுநூற்றைம்பதில் மாறியது இரண்டே இடம். ஒரே இனம். ஒரே தாய்வழி. வேணி சொன்னது மெய். விலங்கியல் துறை துள்ளியது, தமிழ்த் துறையும் துள்ளியது, என் மாணவர்கள் காரணம் தெரியாமலேயே மேசையைத் தட்டினார்கள்.

அந்த வடநாட்டுத் தேர்வாளர் பெரிய மனிதர். "நான் தவறாகச் சொன்னேன், அவர் சரியாகச் சொன்னார்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார். அதோடு இன்னொன்றும் எழுதினார். உலகத்துக் களஞ்சியத்தில் எங்கும் இந்த எழுத்துக்கு இணை இல்லை. இது இதுவரை எவரும் பெயர் வைக்காத புத்தம்புதிய இனம். கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம் என்று.

பெயர். மறைப்பானேன், எனக்குள் ஓர் ஆசை முளைத்தது. பூச்சி அமர்ந்தது யார் தோளில்? ஊதியது யார்? விரலைக் கிழித்துக்கொண்டது யார்? பெயரின் வாலில் ஓர் இகரம் சேர்த்து, 'தாண்டவராயனி' என்று இலத்தீன் ஒலியில் எவ்வளவு இனிமையாக இருக்கிறது பாருங்கள். ஒரு மாதமாக வேணியிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். தலைவருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லட்டும். காசியம்மாள் மட்டும், "எம்பேரு வெச்சுறாதடி, பூச்சின்னு கூப்புடுவாளுங்க" என்று முன்கூட்டியே விலகிக்கொண்டார்.

வேணி வைத்த பெயரை இன்று மதியம் எனக்குச் சொன்னார்கள். குலப்பெயருக்குப் பின்னால் அந்தப் பூச்சியின் சொந்தப் பெயர், 'அப்பாதுரையி'.

கைதட்டல் ஓயட்டும். ஓயட்டும் ஐயா. அப்பாதுரை வந்திருக்கிறார். அதோ, கடைசி வரிசையில், வாசலோரம், எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். சகாயராஜ், பிடியுங்கள் அவரை. இந்த முறை விட்டுவிடாதீர்கள். மேடைக்கு அழைத்து வாருங்கள்.

அவர் வந்து சேர்வதற்குள் ஒன்று சொல்லி முடிக்கிறேன். விழா தொடங்கும் முன் வெளியே அவரைப் பார்த்து, அப்பாதுரை, உன் பெயரை ஒரு பூச்சிக்கு வைத்திருக்கிறோம், உலகத்தில் எந்த மூலையில் எந்த அறிஞர் அதைப் பற்றி எழுதினாலும் உன் பெயரை எழுதாமல் எழுத முடியாது என்றேன். அவர், "அது இன்னா சார் சாப்புடும்?" என்று கேட்டார். தலைவர்தான் பதில் சொன்னார். சிறகு முளைத்த பிறகு அந்தப் பூச்சிக்கு வாயே வேலை செய்யாது, ஒரு பருக்கை தின்னாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காது, அப்படியே பறந்து அப்படியே முடிந்துவிடும் என்றார்.

அப்பாதுரை கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதான் மேடம். எம்பேர்ல ஒண்ணாவது குடிக்காம இருக்கட்டும்" என்றார்.

வாருங்கள் அப்பாதுரை, இப்படி நடுவில் வந்து நில்லுங்கள். வேணி, அந்த மாலையை அம்மாவிடம் வாங்கிக்கொள்ளம்மா, அவர் தருவார், பார், தந்துவிட்டார். நீயே போடு.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுமையின்றியும் எழுந்து போகாமல் இருந்த தாய்மார்க்கும், பாட்டிலைப் பிடித்தவருக்கும் பாட்டிலைக் கொடுத்தவருக்கும், சீட்டு அனுப்பியும் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. பெண்ணையாறு பெருகட்டும், வணக்கம்.